மூன்றாவது தேதி

கல்லறைக் கல்லென்றால் இரண்டு தேதிகள்தான்: பிறந்தது, இறந்தது. ஆனால் அந்தப் பெண் நீட்டிய தாளில், மகளின் பெயருக்குக் கீழே மூன்று இருந்தன. எழுத்து வெட்டுபவருக்கு எங்கோ இடித்தது.

குழந்தைக்கு எட்டு வயது. மூன்றாவது தேதியோ, அவள் பிறப்பதற்கும் இரண்டு வருடம் முந்தியது.

"உங்க கல்யாண நாளாம்மா?"

"கல்யாணமே அதுக்கப்புறம்தாண்ணா."

"மூத்த பிள்ளை ஏதாவது..."

"இவ ஒருத்திதான்."

"கோவிச்சுக்காதீங்க. பேப்பர்னா ரப்பர் வச்சு அழிச்சிடலாம். இது கல்லு. தப்பா வெட்டிட்டா அப்புறம் என்னைத்தான் வெட்ட வருவாங்க."

கல்லில் நாம் படிப்பது எழுத்தையல்ல, நிழலை. சரிவாக வெட்டிய பள்ளத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் வாங்கும், மறுபக்கம் இருட்டும். ஒருமுறை விழுந்த நிழலைத் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் உளி வைக்கும்முன் அவர் இவ்வளவு கேட்பார்.

அவள் செல்போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளேறிய ஓர் அட்டை. "சரியாத்தான் இருக்கு. அதை மட்டும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க."

அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் எட்டு வரிகள். ஒரு சொல்கூடத் தெரியாதபடி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன.

"இது என்னம்மா?"

"அவ எப்படிப் போனா, யாரால போனான்னு எழுதியிருந்தேன். வக்கீல் அடிச்சிட்டார். எதிர்த்தரப்புல கோர்ட்டுல தடை வாங்கிட்டாங்க. கேஸ் முடியுற வரைக்கும் அவங்க பேரோ, குத்தம் சொல்ற மாதிரி ஒரு வார்த்தையோ எங்கயும் வரக்கூடாதாம்."

"கல்லறையிலகூடவா?"

"அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்காங்க."

"உண்மையைத்தானே எழுதுனீங்க?"

"நானும் அதையேதான் கேட்டேன். நிரூபிக்கிற வரைக்கும் அது அவதூறாம். பெத்தவ வாய்விட்டுக் கத்தக்கூட முடியலண்ணா."

அவர் உளியைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்தத் தேதியை மட்டும் வக்கீல் எப்படி விட்டாரு?"

"இது அரசாங்கப் பதிவுல இருக்கிற தேதி. தேதி யாரையும் குத்தம் சொல்லாதுல்ல. பாக்குறவங்க என்ன நாள்னு கேட்டா, அதைச் சொல்லவும் தடையில்லையாம்."

"நான் கேக்குறேன். என்ன நாளும்மா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அடுக்குமாடி லிஃப்டைக் கடைசியா சோதிச்ச நாள்."