ஹீட்டர் போடாத அக்கா

“அக்கா, ஹீட்டர் கொஞ்சம் போடலாமா?”

“வேண்டாம் பிள்ளை. கம்பளி கிடக்கு, போர்த்துக்கொண்டு இரு. உன்ர சீற்றுக்குச் சூடு போட்டிருக்கிறன், அது காணும்.”

அஸ்வினி கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். நியூ லின்னில் இன்னும் விடியவில்லை. இந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். கார்க் கண்ணாடியெல்லாம் புகை படிந்த மாதிரி மூடிக்கிடந்தது. ஹீட்டர் இல்லாததால் அதைத் துணியால் துடைக்கிற வேலையும் அவள் தலையில்தான்.

இத்தனைக்கும் இதே யோகராணி அக்கா, வெயில் காலத்தில் கேட்காமலே ஏசி போட்ட மகராசி. குளிர் வந்ததும் எப்படித்தான் இப்படி மாறினாரோ.

மோட்டார்வேயில் எல்லோரும் நூறில் பறப்பார்கள். அக்கா எண்பதைத் தாண்ட மாட்டார். பின்னால் வருகிற ட்ரக்குக்காரன் லைட் அடித்தாலும் அசைய மாட்டார்.

“வேகம் கூடினால் சார்ஜ் தண்ணியாய்ப் போகும், பிள்ளை.”

ஜப்பானிலிருந்து வந்த பழைய எலெக்ட்ரிக் கார் அது. பேட்டரிக்கும் வயசாகிவிட்டது. அதெல்லாம் சரி. ஆனால் அஸ்வினி ஏறும்போதே சார்ஜ் பாதிதான் இருக்கிறதே, அது எப்படி? அக்கா வீடு ஹென்டர்சனில். அங்கிருந்து நியூ லின் பக்கம்தான். அதற்குள் பாதி காலியாகுமா? கரண்ட் பில் ஏறிவிடும் என்று ராத்திரி முழுசாக சார்ஜ் போடக்கூட மனசு வரவில்லை போலிருக்கிறது.

“சரியான கஞ்சப்பிசினாறி,” என்றாள் அவளோடு தங்கியிருக்கும் சிந்து. “ஓசியில வர்றவளுக்குக் கம்பளியே ஜாஸ்தின்னு நினைச்சிருப்பாங்க. வேற ஆள் பாருடி.”

வேறு ஆள் எங்கே கிடைக்கும்? ஊரின் மறுகோடியில் இருக்கிற பாட்டனி டவுன்ஸில், கடை திறப்பதற்கு முன்னால் போய் ஷெல்ஃப் அடுக்குகிற வேலை. அந்த நேரத்துக்கு ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. ஏற்கெனவே லேட்டாகப் போய் மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவை லேட்டானால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இந்த வேலையை நம்பித்தான் அவள் விசாவே இருக்கிறது. அதே கடையில் வேலை செய்கிற அக்கா, ‘நான் போற வழிதானே’ என்று ஏற்றிக்கொண்டதால் பிழைப்பு ஓடுகிறது.

“ஒண்ணு பண்ணு. உடம்பு சரியில்லைன்னு சொல்லு,” என்றாள் சிந்து. “அப்பவும் போடலைன்னா அவங்க மனுஷியே இல்ல.”

மறுநாள் காரில் ஏறியதும் அஸ்வினி நன்றாக இருமிக் காட்டினாள்.

“ராத்திரியெல்லாம் காய்ச்சல்க்கா. உடம்பு நடுங்குது.”

யோகராணி கையுறையைக் கழற்றிவிட்டு அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது அந்தக் கை. அதற்கு எந்த நெற்றியும் சுடத்தான் செய்யும்.

“ஓம் பிள்ளை, சுடுது. இண்டைக்கு லீவு எடுக்கேலாதோ?”

“லீவு போட்டா வேலை போயிடும்க்கா.”

எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று அக்கா ஒரு தடவை பார்த்தார். பிறகு ஹீட்டரைப் போட்டு முழுசாகக் கூட்டி வைத்தார்.

அப்பாடா, என்ன சுகம். அஸ்வினி கம்பளியைச் சுருட்டிப் பின் சீட்டில் எறிந்தாள். மனசுக்குள் சிந்துவுக்கு ஒரு கும்பிடு போட்டாள். அக்கா மட்டும் அன்றைக்கு எழுபதிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

பாட்டனி டவுன்ஸ் வந்தாயிற்று. கடைக்குத் திரும்புகிற ரவுண்டானாவுக்கு முன்னால் காருக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. கார் ஜப்பானிய மொழியில் என்னவோ சொன்னது. அக்கா ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தவும் அது அடங்கவும் சரியாக இருந்தது.

இப்போது அஸ்வினிக்கு நிஜமாகவே உடம்பு நடுங்கியது. “ஐயோ அக்கா, லேட்டாயிடுமே.”

“பயப்பிடாத பிள்ளை. இனி நடக்கிற தூரம்தான். நேரத்துக்குப் போயிடலாம்.” அக்கா போனை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார்.

இருவரும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள், கைலியும் தடி ஜாக்கெட்டுமாக அக்காவின் கணவர் சபாரத்தினம் எதிரே நடந்து வந்தார்.

அஸ்வினி விழித்தாள். “அங்கிள், ஹென்டர்சன்லேருந்து அதுக்குள்ள எப்படி வந்தீங்க?”

“ஹென்டர்சனோ? மே மாசமே இஞ்ச வீடு மாறி வந்திட்டமே. அந்தா, லைட் எரியுது பார், அதுதான். யோகம் உன்னட்டைச் சொல்லேல்லையோ?”

அஸ்வினி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டிலிருந்து பொடிநடையாக வேலைக்குப் போகக்கூடிய மனுஷி. தினமும் இருட்டில் எழுந்து, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்திருக்கிறார். மீதிப் பாதி சார்ஜ் எங்கே போனது என்று இப்போது தெரிந்தது.

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னால் வரமாட்டன் எண்டு நிப்பாய். பிறகு எப்பிடி வேலைக்கு வருவாய்? சரி, நட, நேரமாகுது.”

சபாரத்தினம் கார்க் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த சூட்டில் முகம் சுளித்தார்.

“என்னப்பா, ஹீட்டர் போட்டனியோ? போட்டால் நியூ லின்னுக்குப் போகலாம், இந்தப் பிள்ளையை ஏத்திக்கொண்டு திரும்பி வந்து சேரேலாது எண்டு உனக்குத் தெரியாதே?”

“தெரியும்,” என்றார் யோகராணி. “பிள்ளைக்குக் காய்ச்சலெல்லோ.”