பேர் சொல்லாதது

"யாருக்கு?"

அப்பாதுரையின் குரல் தேரடி வீதியில் பாதி தூரம் கேட்டிருக்கும். 'அப்பாதுரை நாட்டு மருந்துக் கடை' என்று புதுப் பெயிண்ட் அடித்த போர்டுக்குக் கீழே நின்ற உண்ணாமலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சீக்கிரம் கொடுங்க மொதலாளி. அவசரம்."

"யாருக்குன்னு சொல்லாம என் கடையில மருந்து கட்டறதில்ல. தெரியுமில்ல?"

தெரியும். ஊருக்கே தெரியும். மூலமோ, மாதவிலக்குக் கோளாறோ, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னால்தான் அப்பாதுரை தராசைத் தொடுவார். கேட்டால் தொழில் தர்மம் என்பார். அந்தத் தர்மத்தில் குறுகிப் போய்த் திரும்பிய பெண்களைக் கேட்டால் அல்லவா தெரியும், வயிற்றெரிச்சல்!

உண்ணாமலைக்கு வேண்டியது வசம்பு. கைக்குழந்தைக்கு வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் மருந்து பலிக்காதாம். 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்பார்கள். அவசரத்தில் அவளும் அப்படியே கேட்டுத் தொலைத்தாள். வசம்பு என்று கேட்டிருந்தால் இருமலுக்கோ எதற்கோ என்று விட்டிருப்பார். மாட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் புருஷன் செத்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. லாட்ஜில் அறை பெருக்கிப் பிழைக்கிறவள்.

பக்கத்தில் மணியம்மாள் நின்றிருந்தாள். அவள் வந்தது ஆவாரம்பூவுக்கு. "இல்லம்மா. கொண்டாந்து போடற திரௌபதிய ஆடி மாசத்திலருந்து காணோம். இதுங்கள நம்பி யாவாரம் பண்ண முடியுதா?" என்று அலுத்துக்கொண்ட அப்பாதுரை, பூவுக்குப் பதிலாக மகன் பரசுராமனின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்திருந்தார். அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தவள் இப்போது வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியும்ணே. இவ எங்க பக்கத்து வீடுதான். ஒரு வாரமா உள்ள பச்சப்புள்ள அழற சத்தம் கேக்குது. என்னடின்னு கேட்டா ரேடியோங்கறா!"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"தாலியறுத்தவ வீட்டுல பச்சப்புள்ளயா?" கையில் எடுத்திருந்த வசம்பை மறுபடியும் டப்பாவிலேயே போட்டு மூடினார் அப்பாதுரை.

உண்ணாமலை டப்பாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"என் புள்ள இல்லைங்க. ஒரு பொண்ணு வலி எடுத்து எங்க லாட்ஜ் வாசல்ல விழுந்து கெடந்தா. விட்டுட்டு வர முடியுமாங்க? வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். பெத்தவளுக்கு இப்ப ஜன்னி. ஆசுபத்திரியில கெடக்கறா. புள்ளைக்குப் பசும்பால் ஒத்துக்கல. வயிறு உப்பிப்போயி காலையிலருந்து கத்துச்சு. இப்பக் கத்தக்கூடத் தெம்பில்ல. வாட்ச்மேன் பொஞ்சாதி மடியில போட்டுட்டு ஓடியாந்தேன். சுட்டு உரைச்சு வயித்துல தடவினா அடங்கும். கொடுத்துடுங்க."

"கல்யாணம் ஆன பொண்ணா?"

உண்ணாமலை தரையைப் பார்த்தாள்.

"அதானே பார்த்தேன்!" அப்பாதுரை எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணாமலையார் குடியிருக்கற ஊரும்மா இது. கண்டவளும் வந்து பெத்துப் போட்டுட்டுப் போறதுக்கு இது என்ன சத்திரமா? அதுக்கு நீ தொணை. அதுக்கு என் கடை மருந்து!"

"நல்லாக் கேளுங்கண்ணே," என்றாள் மணியம்மாள்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த உண்ணாமலை வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, அவ தனியாவா பெத்துக்கிட்டா? ஒருத்தன் மலைக்குக் கூட்டிட்டுப் போயி, சாமி முன்னால மஞ்சக் கயிறு கட்டியிருக்கான். வயித்துல புள்ளைன்னதும் நீ யாருன்னே தெரியாதுன்னுட்டான். அவன யாரும் எதுவும் கேக்க மாட்டீங்களா? உப்பிப்போயிக் கெடக்கற பச்ச மண்ணுகிட்டதான் உங்க ஞாயமெல்லாமா?"

நாலு பேர் முன்னால் ஒரு லாட்ஜ்காரி கேட்டுவிட்டாள். அப்பாதுரைக்கு முகம் சிவந்தது. ஆனால் ஞாயத்தில் அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லையே!

"ஏன் கேக்க மாட்டேன்? அவனை என்ன கேக்கறது, அவன் அப்பனைக் கேக்கணும்! புள்ளைய ஊர் மேய விட்டுட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுத் திரியறான் பாரு, அவன் சட்டையப் பிடிச்சுத் தெருவுல நிறுத்தணும். இந்த ஊருதானே? யாருன்னு சொல்லு. நானே போயிக் கேக்கறேன்."

"வேணாங்க மொதலாளி. மருந்தக் கொடுங்க, நான் போறேன்."

"சொன்னாத்தான் மருந்து! யாரு அந்தப் புள்ளையோட தாத்தன்? அவன் பேரு என்ன?"

உண்ணாமலை மூடிக் கிடந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நானும் திரௌபதிய அதாங்க கேட்டேன். மாமனார் பேர மருமக வாயால சொல்லக் கூடாதுன்னுட்டா. ஆசுபத்திரிக்குப் போற வழியில, ரிக்‌ஷாவுல சாஞ்சபடியே உங்க கடை போர்டத்தான் கையக் காட்டினா."