சீனி போடாத டீ

உப்பளத்தில் பதினொரு மணி வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. சுடலைச்செல்வி உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, வீங்கிய வலது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். டீ கேனைக் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு சங்கரபாண்டியன் வருகிறார். காலையிலிருந்து இது மூன்றாவது நடை. அவளுக்கு இரண்டு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியாயிற்று. மூன்றாவதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நாளெல்லாம் இனிப்பு டீ குடிப்பதை விட வேண்டும் என்று பல் டாக்டர் நேற்றுச் சொல்லியிருக்கிறார். "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்கிறாள். அந்த ஒரு தம்ளர் இல்லாமல் இந்த வெயிலில் அவளுக்குக் கை ஓடாது என்பது அவருக்குத் தெரியும். "ஏளா, ஒன் வீட்டுக்காரன் காலையிலயே சொல்லிட்டான். ஒனக்கு மட்டும் சீனி போடாமக் கொண்டாந்திருக்கேன்" என்று பையிலிருந்து சின்ன பிளாஸ்க்கை எடுத்து ஊற்றுகிறார். அவள் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, இடப்பக்கமாகவே ஒரு வாய் குடிக்கிறாள். முகம் சுளிக்கிறது.

"கசக்குதோ?"

"மருந்து மாரி இருக்கு."

ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடிக்கிறாள். தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தம்ளரை நீட்டுகிறாள்.

"நாளைக்கும் இதையே கொண்டாங்க அண்ணாச்சி."