அட்டைக்கு வராத முகம்

அட்டையிலிருந்து அந்த அம்மாளின் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கூடைக் கத்தரிக்காயை வைக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியர்.

பட்டாசுக்குக் கண் சிவந்துவிட்டது. அந்தச் சின்னப் பத்திரிகையின் பக்கங்களை வடிவமைப்பவள் அவள். மனசுக்கு ஒப்பாத எதைக் கண்டாலும் நின்ற இடத்திலேயே வெடிப்பாள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது.

"எல்லா வீட்டு அடுப்பும் நம் அடுப்பே." பத்திரிகைப் பெயருக்குக் கீழே மாதாமாதம் அச்சாகும் வரி இது. மாதம் ஒரு சமூகத்தின் சமையல். சமைப்பவரை அவருடைய அடுப்படியிலேயே வைத்துப் படமெடுப்பார்கள். அட்டையில் அவர் முகம்தான் வரும்.

இந்த மாதம் வரவேண்டியவர் ஒரு தையல்கார அம்மாள். பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் ஒரு சமையல் அவர்களுடையது.

அடுப்படி ஒரே இருட்டு. எவ்வளவு கேட்டும் ஜன்னலைத் திறக்க விடவில்லை என்று படமெடுத்தவர் அலுத்துக்கொண்டார். அந்த இருட்டிலிருந்து அம்மாளின் சிரிப்பை வெளியே கொண்டுவரப் பட்டாசு படாத பாடு பட்டிருந்தாள். தான் செய்த அட்டைகளிலேயே இதுதான் அழகு என்று அவளுக்கே தோன்றியது.

இப்போது கத்தரிக்காய்.

ஆசிரியர் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"என்னக்கா இது?"

"அட்டை மாறுது. சாயங்காலம் அச்சுக்குப் போகணும், சீக்கிரம் முடிச்சுடும்மா."

"அவங்களைப் பத்தின கட்டுரை?"

"அதுவும் இந்த மாசம் இல்லை."

ஏன் என்று கேட்டதற்கு ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரணம் சொல்ல முடியாது என்றார்.

சொல்லாமலே பட்டாசுக்கு விளங்கிவிட்டது. பின்னட்டைக்கு விளம்பரம் தரும் எண்ணெய்க் கம்பெனிக்காரர் நேற்றுதான் வந்துவிட்டுப் போனார். அவர் முகம் சுளித்திருப்பார், இவர் பணிந்திருப்பார்.

அதை அப்படியே முகத்துக்கு நேரே சொன்னாள். அடுப்பு, சமத்துவம் என்பதெல்லாம் ஊருக்கு உபதேசம்தானா என்று கேட்டாள். யாருக்கும் உறுத்தாத சமையலையெல்லாம் அட்டையில் போட்டுவிட்டு, நாலு பேர் முணுமுணுக்கும் சமையல் வந்ததும் கத்தரிக்காய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோமே, வெட்கமாக இல்லையா என்றாள்.

வெளியே கணக்கர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஆசிரியர் எதையும் மறுக்கவில்லை. "அப்படியே வெச்சுக்கோ" என்றார்.

"அப்படியெல்லாம் வெச்சுக்க முடியாதுக்கா. நான் வேலையை விடறேன். போறதுக்கு முன்னாடி இந்த அட்டையை நானே நெட்ல போட்டுட்டுப் போறேன். நீங்க பயந்து எடுத்தீங்கன்னும் எழுதறேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

கைப்பேசியில் படம் தயாராக இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது.

ஆசிரியர் பதறி எழுந்தார். "போட்டுடாதேம்மா. எடுக்கச் சொன்னதே அந்த அம்மாதான்."

அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைச் சமைத்தவரிடம் காட்டிவிடுவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். நேற்று ஆசிரியரே எடுத்துப் போயிருந்தார். தன் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போன அம்மாள், மேலே இருந்த பத்திரிகையின் பெயரைப் படித்ததும் வெலவெலத்துப்போனாராம். ஏதோ ஒரு பத்திரிகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம். யாரிடமும் சொல்லவேண்டாம், முக்கியமாக உங்கள் அலுவலகத்தில் சொல்லவேண்டாம் என்று ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

"அவங்க ஆளுங்களுக்கு அந்த வீட்டுக்காரர் வீடே தரமாட்டாராம். அந்த வாசனையே கட்டடத்துல வரக்கூடாதாம். இந்தம்மா வேற ஆளுங்கன்னு சொல்லித்தான் குடிவந்திருக்காங்க. ஜன்னலைச் சாத்திக்கிட்டு, கதவிடுக்குல துணியை அடைச்சுக்கிட்டுச் சமைக்கறாங்க. இந்தப் படம் வெளியே வந்தா மறுநாளே சட்டிபானையோட தெருவுலதான் நிக்கணும்."

பட்டாசு கைப்பேசியை இறக்கினாள். கோபம் இறங்கவில்லை. ஆள்தான் மாறியது.

"அப்ப முகம் வேண்டாம்க்கா. சமைக்கற கையை மட்டும் போடுவோம்."

"அந்த அடுப்பு மேடையும் சுவரும் அவர் கட்டினதுதானேம்மா. அடையாளம் தெரியாதா?"

"என்ன மனுஷன்க்கா அவன்? ஒரு குழம்பு வாசனைக்காகக் குடும்பத்தையே தெருவுல தள்ளுவானா? இவனை மாதிரி ஆளைச் சும்மா விடக்கூடாது. அட்டையில அவன் மூஞ்சியைப் போடுவோம். நானே பண்றேன்."

"வேண்டாம்மா."

"இன்னும் என்ன பயம்? அதுவும் அப்படிப்பட்ட ஆளு நம்ம பத்திரிகையைக் கையாலயாவது தொடுவானா? அவனுக்கு எப்படித் தெரியப்போகுது?"

ஆசிரியர் எழுந்துபோய், வெளியே யாருக்கும் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தொடறார்ம்மா. இதழ் வந்ததும் ஒரு கட்டு எடுத்துக்கிட்டுப் போய், குடியிருக்கிற அத்தனை வீட்டுக் கதவையும் தட்டி அவரேதான் கொடுக்கறாராம். 'என் பொண்ணு பண்ணின அட்டை, பாருங்க'ன்னு."