ஒரே ஒரு அடப்டர்

“நாப்பத்தேழு நாளாச்சு அஹ்னாப், மருமக வந்து. இன்னமும் ஒருத்தி அடப்டரைப் புடிச்சிக்கிட்டு நிக்க, ஒருத்தி சட்னி அரைக்கிறோம்,” என்றாள் வடிவம்மா.

அக்குறணையிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் அஹ்னாப், பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். சதுரத் துளையுள்ள பிளக் பொயின்ட். அதில் ஒரு வெள்ளை அடப்டர். அதற்குள் உருண்டைக் கால் பிளக். பாரம் தாங்காமல் எல்லாம் தலை தொங்கிக்கொண்டிருந்தன.

“சாமானெல்லாம் இந்தியாவா அன்ட்டி?”

“மருமகளுக்குத் திருச்சி. மிக்சி, கிரைண்டர், அயர்ன், குக்கர் எல்லாம் சீரா வந்தது. அடப்டர் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு கிரைண்டர் போட்டுக் கருகிப் போச்சு. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். மகன் சட்டைக்கு அயர்ன் போட்டான்னா அன்னைக்குச் சட்னி கிடையாது.”

அஹ்னாப் சிரித்தான். “கரண்ட் ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுதான். காலுதான் வேற. வெட்டிட்டு சதுரக் கால் போட்டா முடிஞ்சி. ஏன் இவ்வளவு நாளா வச்சிக்கிட்டு ஈந்தீங்க?”

பதில் வடிவம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே விடத்தான் மனம் வரவில்லை.

மருமகள் வந்த வாரமே பிளக்கை மாற்றலாம் என்று வடிவம்மா சொன்னாள். கஜலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு, “இருக்கட்டும் அத்தை, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். அடுத்த வாரமும் அதே பதில். சாமான் வந்த அட்டைப் பெட்டிகளைக் குப்பைக்குப் போடலாம் என்றால் அதுவும் “இருக்கட்டும்”தான். பெட்டிகள் அலுமாரிக்கு மேலே கூரை முட்ட அடுக்கியிருந்தன.

மகன் சுதேஷிடம் சொன்னால் அவனும், “பிளக்கை வெட்டினா வாரண்டி போயிரும்மா” என்றான். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்று வடிவம்மா நினைத்துக்கொண்டாள்.

பக்கத்துத் தெரு நகைக்கடைக்காரர் வீட்டுக்கும் இப்படித்தான் இந்தியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று போனவள் தீபாவளிக்கும் வரவில்லை. அவள் போனபோது சாமானும் கூடவே போயிற்று. வாழ வந்தவள் பெட்டியை எறியாமல் வைத்திருந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்?

“வாரண்டி போயிருமாப்பா?” என்று அவள் கேட்டாள்.

“திருச்சிக் கடை குடுத்த வாரண்டிக்கு மிக்சியைக் கப்பல்ல ஏத்தியா அனுப்பப் போறீங்க?” என்றான் அஹ்னாப். பிறகு வெட்டுக் குறட்டைக் கையில் எடுத்தவன், ஒரு கணம் தயங்கினான். “இது அச்சுல வார்த்த பிளக். வெட்டினா ஒட்ட ஏலாது. மருமகத் தங்கச்சிக்கிட்டக் கேட்டீங்கதானே?”

“நான் சொல்றேன், வெட்டு.”

மிக்சியின் பிளக் ‘டொக்’கென்று தரையில் விழுந்தது. சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகளைச் சீவி, சதுர பிளக்கில் முறுக்கினான். அடுத்துக் கிரைண்டர். அடுத்து குக்கர். ஒவ்வொன்றும் விழ விழ வடிவம்மாவுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறைந்தது.

அயர்னை எடுத்தபோது வாசல் கேட் சத்தம் கேட்டது.

“அத்தை, லீக்ஸ் விக்கிற காய்காரன்கிட்ட சிங்களத்துலயே பேரம் பேசிட்டேன்! அவன் சிரிச்சான், ஆனா குறைச்சுட்டான்…” என்று கட்டுகஸ்தோட்டைச் சந்தையிலிருந்து வந்த கஜலட்சுமி, குசினி வாசலில் நின்றுவிட்டாள். தரையில் மூன்று பிளக்குகள் கிடந்தன. அவள் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“எல்லாத்தையுமா வெட்டிட்டீங்க?”

“கோவிச்சுக்காத புள்ள,” என்றாள் வடிவம்மா. “இது இனி ஒன் வீடு. ஒன் சாமானும் இந்த வீட்டுச் சுவருக்குப் பொருந்த வேணாமா?”

கஜலட்சுமி பையை வைத்துவிட்டு விறுவிறுவென்று அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சாமான் இழுபடும் சத்தம் கேட்டது.

“பெட்டி கட்டுறா போல,” என்று முணுமுணுத்தாள் வடிவம்மா. கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “நானே வெரட்டிட்டேன் போல இருக்கே அஹ்னாப்.”

அஹ்னாப் அயர்ன் வயரைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

கஜலட்சுமி திரும்பி வந்தபோது ஒரு கையில் ஹேர் டிரையர் இருந்தது. மறு கையில் டேபிள் ஃபேன். இரண்டையும் அஹ்னாப் முன்னால் வைத்தாள்.

“இதையும் வெட்டிருங்கண்ணே. அயர்னை மொதல்ல முடிங்க. அவரு வர்றதுக்குள்ள எல்லாம் முடியணும்.”

வடிவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்கா புள்ள இத்தனை நாள் பயந்துக்கிட்டு இருந்தேன்? வெட்ட வேணாம் வேணாம்னு நீ சொல்லச் சொல்ல, எங்க எங்களை விட்டுட்டு ஊருக்குப் போயிருவியோன்னு…”

கஜலட்சுமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“வெட்டக்கூடாதுன்னது நான் இல்லத்தை, உங்க மகன். எங்கப்பா கடையைப் பாத்துக்கிட்டு அங்கேயே இருந்திரலாம்னு, அடுத்த மாசம் திருச்சிக்கு ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருக்காரு. போறதுக்கு மட்டும்.”