எழாத டீலர்

லாஸ் வேகஸ் போக்கர் போட்டியில் இன்னும் ஒரே ஒருவர் தோற்றால் போதும், மிச்சமிருக்கும் அத்தனை பேருக்கும் பரிசு. அதனால் எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் ஒவ்வோர் ஆட்டம். ஆட்டத்தை முடித்ததும், சீட்டுப் போடும் டீலர் எழுந்து நின்று மற்ற மேசைகளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

வெண்டல் என்ற ஆட்டக்காரன் தோற்று, கைகுலுக்கிவிட்டு வெளியேறினான். கூடமே கைதட்டியது. நடுவர் லொரெட்டா தலைகளை எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"இன்னும் ஒரு ஆள் போகணும். அடுத்த ஆட்டம் போடுங்க."

"ஏம்மா, கண்ணு அவிஞ்சு போச்சா? வெண்டல் இப்பத்தானே போனான்!" என்று ஒருவன் கத்தினான்.

அடுத்த ஆட்டத்தில் கத்தியவனே தோற்று வெளியேறினான். மறுபடி எண்ணினாள். அதே கணக்கு.

டீலர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். காலையிலேயே மூடிவிட்ட மூலை மேசையில் மட்டும் ஒருவர் உட்கார்ந்து சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த வெண்டல், பக்கத்து நாற்காலியை இப்போது தோற்றவனுக்கு இழுத்துப் போட்டான்.