ஆட்சேபனை இல்லை

வெள்ளாற்றுக் கரையைப் பலப்படுத்தி, அதில் பழைய காட்டை மறுபடி வளர்க்கும் வேலைக்கு அரசு டெண்டர் விட்டிருந்தது. யார் குறைந்த தொகை கேட்கிறார் என்று இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. வேலை முடிந்தபின் அந்தக் கரையிலேயே எத்தனை வருடம் தங்கிப் பராமரிப்பார் என்றுதான் பார்க்கிறார்கள். நீர்நாய்கள் மிரளாமல் திரும்பி வரவேண்டும். அதனால் ஓர் ஆளுக்குத்தான் அனுமதி. பார்க்கவும் யாரும் வரக்கூடாது.

அறுபத்தொரு வயதான காண்ட்ராக்டர் இருதயராஜ் பதினெட்டு வருடம் என்று போட்டிருந்தார். இன்று மூன்று மணிவரை அந்த எண்ணைத் திருத்தலாம்.

குடும்பத்தாரின் ஆட்சேபனையின்மைக் கடிதம் மட்டும் பாக்கி. ஒருவர் மறுத்தாலும் டெண்டர் தள்ளுபடி. அவருக்கு இருப்பது ஒரே மகள். பெனிட்டா சண்டைக்கு வருவாள், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று காலையிலிருந்தே யோசித்து வைத்திருந்தார். இரண்டரை மணிக்குக் கடிதத்தை அவளுக்கு அனுப்பினார்.

உடனே போன் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன். ஏதோ அனுப்பியிருக்கீங்களே, எங்க கையெழுத்துப் போடணும்?"

"கடைசிப் பக்கத்துலம்மா. முதல்ல படிச்சுப் பாரு."

"நீங்க அனுப்பினா சரியாத்தான் இருக்கும்ப்பா. போட்டுட்டேன். வச்சிரட்டா?"

திரையில் 'ஆட்சேபனை எதுவும் இல்லை' என்று பச்சை எழுத்தில் வந்தது. மூன்று மணியாக இன்னும் நேரமிருந்தது. இருதயராஜ் பதினெட்டை அழித்துவிட்டு முப்பது என்று போட்டார்.